சாரணரும் மானமும்

காக்கி உடுத்து, கழுத்தில் வர்ணத் துண்டு கட்டி, திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் வழங்கும் சாரணச் சிறுவர்களைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். ஒரு காலத்தில் அந்தத் துண்டைக் கட்டிக்கொள்ள இந்தியப் பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்க யுத்தத்தில் மேஃபகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையில் இருந்தது. செய்தி கொண்டு செல்லுதல் முதலிய வேலைகளை அங்குச் சிறுவர்கள் திறம்படச் செய்ததைத் தளபதி பேடன் பவல் கண்டார். போருக்கு உதவிய அத்திறமையைச் சமாதான காலத் தொண்டுக்குத் திருப்ப எண்ணி, 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் முகாம் அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒன்றாக உண்டு உறங்கினர்.

1909-இல் பெங்களூரில் இந்தியாவின் முதற் சாரணர் படை தோன்றிற்று. ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. சகோதரத்துவம் பேசிய இயக்கம் மண்ணின் மைந்தருக்குக் கதவடைத்தது! கதவு திறக்கட்டும் என்று நம்மவர் காத்திருக்கவில்லை. 1916-இல் சென்னையில் டாக்டர் அன்னி பெஸன்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிள்ளைகள் தலைப்பாகை அணிந்தார்கள். நம் நாட்டுப் பாட்டுக்களைப் பாடினார்கள். 1918-இல் அலகாபாத்தில் பண்டித மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெஸன்ட் சங்கம் அவர் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது.

பின்னர் 1937-இல் இந்தியரின் மான உணர்வைக் குறைத்து அவர் பேசியது தேசத்தைப் புண்படுத்திற்று. மானத்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த நாடல்லவா இது? 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் தேதி பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றாயின. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் சேர்ந்தனர்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பயிற்சியை இன்று, "படிப்புக் கெட்டுவிடும்" என்று சொல்லிப் பெற்றோர் சிலர் தடுக்கின்றனர். எங்கள் மல்லாங்கிணற்றுக்குச் சிவகாசி தூரமில்லை. பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடும் இச்சீமையில், தீப்புண்மேல் மையும் மாவும் பூசாமல், உடனே 20 நிமிஷம் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டுமென்று அறிந்த பிள்ளை, தன் தெருவுக்கே காவல். பரீட்சை மார்க்கு அந்தப் பிள்ளைக்கு மட்டும் உதவும். இந்தப் படிப்போ ஆபத்தில் அடுத்த வீட்டாருக்கும் உதவும்.