மெதுவாகப் போனால் மட்டும் திணறும் மோட்டார் சைக்கிள்



காலையில் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் புறப்படுகிறீர்கள். நேர்த் தெருவில் வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. சந்தியில் வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் உதறுகிறது, இருமுகிறது, நடுச் சந்தியில் நின்றே விடுகிறது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்கிறது. பிள்ளை பயந்து உங்கள் இடுப்பை இறுக்கிப் பிடிக்கிறது.

வீட்டில் சொன்னால், "பழைய வண்டிதானே, எக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் பிடிங்க" என்று பதில் வரும். கணவர் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில் அந்தப் பதிலைச் சொல்லவும் ஆளில்லை. கராஜுக்குப் போனாலோ, காபரேற்றரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் மிகச் சிறியது. அடைபட்ட ஒரு துவாரம், தளர்ந்த ஓர் ஆணி அல்லது கறுத்துப்போன ஒரு ப்ளக். செலவில்லாததை முதலில் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேடினால் பிடிபட்டுவிடும்.

ஏன் மெதுவாக ஓடும்போது மட்டும்?

உங்கள் கேஸ் அடுப்பை நினைத்துப் பாருங்கள். பெரிதாக எரியும்போது நன்றாக எரிகிறது. சிறிதாகக் குறைத்தால் துடித்து அணைந்துவிடுகிறது. குறைந்த அளவு வாயு போகும்போதுதான் துவாரத்திலுள்ள அழுக்கு தன் வேலையைக் காட்டுகிறது.

காபரேற்றரும் அப்படித்தான். அதில் பெற்றோல் செல்ல இரண்டு முக்கிய வழிகள் உண்டு. வேகமாக ஓடும்போது பெரிய ஜெற் வழியாகப் பெற்றோல் வருகிறது. எக்சிலேட்டரை விட்டதும் 'ஸ்லோ ஜெற்' என்னும் சிறு பித்தளைக் குழாய்தான் எஞ்சினைத் தாங்குகிறது. சிறிய வண்டிகளில் அதன் துவாரம் அரை மில்லிமீற்றரும் இராது. ஒரு துளி பிசின் போதும், அது அடைபட. ஆகவே வேகத்தில் நன்றாக ஓடி மெதுவில் மட்டும் திணறினால், முதல் சந்தேகம் அந்தச் சிறு வழியின் மேல்தான்.

2022 தந்த பாடம்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நாம் யாரும் மறக்கவில்லை. ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு விநியோகமே நிறுத்தப்பட்டது. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். எத்தனையோ வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றன. கிடைத்த பெற்றோலைப் போத்தலிலும் கேனிலும் சேர்த்து வைத்தோம்.

பெற்றோல் கெட்டுப்போகாத பொருளல்ல. நாட்கள் செல்லச் செல்ல அதன் இலேசான பகுதி ஆவியாகி, பிசின் போன்ற படிவு மிஞ்சுகிறது. நின்ற வண்டியின் காபரேற்றர் கிண்ணத்தில் நடப்பது அதுதான். தட்டுப்பாடு தீர்ந்தபின் பல வண்டிகள் மெதுவில் திணறியதற்கு இது ஒரு காரணம். கணவர் விடுமுறையில் வரும்வரை மாதக்கணக்கில் மூடி வைத்திருக்கும் வண்டிக்கும் இதே கதிதான்.

நீங்களே பார்க்கக்கூடியவை

எஞ்சின் ஆறியிருக்கட்டும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். அடுப்போ, சிகரட்டோ, நுளம்புத் திரியோ பக்கத்தில் வேண்டாம்.

ஒன்று: சோக் இழுத்தபடியே இருக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்ய இழுத்து, மறந்துவிடுவது சகஜம். எஞ்சின் சூடானதும் அது திணற இதுவே போதும்.

இரண்டு: எயார் ஃபில்டர். தூசியால் அடைபட்டிருந்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிவிடும். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும்.

மூன்று: ப்ளக். ப்ளக் கெப்பைக் கழற்றி, வண்டியோடு வந்த ஸ்பெனரால் ப்ளக்கை எடுத்துப் பாருங்கள். நுனி இளம் பழுப்பு நிறமாயிருந்தால் நலம். புகைக்கரி போலக் கறுத்திருந்தால் பெற்றோல் அதிகம். வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு அல்லது எங்கோ காற்றுக் கசிவு. இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை, வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கைநூலைப் பாருங்கள். திரும்பப் பூட்டும்போது முதலில் விரலாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் எஞ்சின் தலையின் மரை பழுதாகிவிடும்.

நான்கு: காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் றப்பர் வெடித்திருக்கிறதா? கையால் காபரேற்றரை இலேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. அந்த வழியே திருட்டுக் காற்று நுழைந்தால் மெதுவில் எஞ்சின் நிலைகொள்ளாது.

ஐந்து: மழைக்காலமாயின் பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். காபரேற்றரின் அடியில் உள்ள வடிகால் ஆணியைத் தளர்த்தி, வரும் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமுத்தாகத் தங்கும்.

பாஸிடம் விடவேண்டியவை

இவற்றிலும் தீராவிட்டால் கராஜுக்குப் போக வேண்டியதுதான். காபரேற்றரைக் கழற்றி ஸ்லோ ஜெற்றைச் சுத்தம் செய்வதும், வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதும் பாஸின் வேலை. வால்வு இடைவெளி பல சிறிய எஞ்சின்களில் 0.1 மில்லிமீற்றர் அளவுதான். அது இறுகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசிந்து மெதுவில் எஞ்சின் உதறும், சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

காபரேற்றர் இல்லாத, இன்ஜெக்ஷன் முறை வண்டியாயின் எந்த ஆணியையும் தொடாதீர்கள். மீற்றரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

"பாஸ், வண்டி சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பாஸ், வேகமாப் போனா நல்லா ஓடுது. மெதுவாப் போனா மட்டும் உதறுது, சூடானாத்தான் நிக்குது. ப்ளக் பார்த்தேன், வெளுத்திருக்கு. ஸ்லோ ஜெற்ற முதல்ல கழுவிப் பாருங்க" என்று சொல்லுங்கள். காபரேற்றரை மாற்றும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். ஏதும் மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

செய்யவே கூடாதவை

மண்ணெண்ணெய் அடுப்பின் நிப்பிளைக் குத்திப் பழகிய கை, ஜெற்றையும் தையல் ஊசியால் குத்தத் தேடும். வேண்டாம். பித்தளை மென்மையானது. துவாரம் சற்றுப் பெருத்தாலும் ஜெற் வீண்தான்.

இரண்டாவது, மிக முக்கியமானது. எஞ்சின் நிற்கிறதே என்று ஐட்லிங் ஆணியைத் திருகி ஓட்டத்தைக் கூட்டிவிடுவார்கள். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இது ஆபத்தும்கூட. அவற்றில் எஞ்சின் ஓட்டம் கூடினால் க்ளச் தானாகவே பிடிக்கும். பாடசாலை வாசலில் பிள்ளை இறங்கும் நேரம், நீங்கள் கையைத் தொடாமலே வண்டி முன்னே பாயலாம். சரியான ஐட்லிங் அளவு கைநூலில் இருக்கும். பல சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அது நிமிடத்துக்கு 1400 சுற்றுக்கள் அளவில். வேறு கோளாறுகள் தீர்ந்தபின், எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் அதைத் தொட வேண்டும்.

மூன்றாவது, ஓடும் வண்டியைப் பரிசோதிக்கும்போது அபாயாவின் ஓரத்தையும் முந்தானையையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டரின் பின்சக்கரமும் சுழலும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் கொல்லும்.

இனி வண்டி சில வாரங்கள் நிற்கப் போகிறதென்றால், பெற்றோல் டெப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டெப் இல்லாவிட்டால் வடிகால் ஆணியால் கிண்ணத்தை வெறுமையாக்குங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சகோதரிகளே, கறி அடிப்பிடிப்பதை வாசத்திலேயே கண்டுகொள்பவர்கள் நீங்கள். எஞ்சினின் சத்தத்தையும் அப்படியே கேட்டுப் பழகுங்கள். மாறிய சத்தத்தை அன்றே கவனித்தால், நாளை நடுச் சந்தியில் பிள்ளையோடு நிற்க நேராது.