70 வளைவு, ஒரு உரசல்: காரவள்ளி அடிவாரத்தில் ஜீப்புக்கு அடியில்

காரவள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கொல்லிமலை எண்ண ஆரம்பித்துவிடும். மேலே சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கும் பாதை. உயரம் ஏற்றிய ஜீப்புக்கோ, ஸ்டியரிங்கை 70 தடவை ஒடித்துப் பார்க்கிற பரீட்சை! நாமக்கல் வரை நேர்ரோட்டில் சமர்த்தாக ஓடிய டயர், இங்கே முதல் வளைவிலேயே ‘சர்ர்ர்’ என்று கத்திவிடும்.

அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சேந்தமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில், வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்க அனுமதி கிடைத்தது. லாரி பாடி கட்டுவதில் நாடெங்கும் பேர் வாங்கிய வட்டாரம் இது. ஸ்பிரிங் பட்டை வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. வாங்க, இறங்குவோம். தலை பத்திரம்!

மேலே நிற்பது பழைய மஹிந்திரா எம்எம் 540. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். ஓட்டுபவர் மலையில் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் இளைஞர். காட்டுப் பாதையில் கல் தட்டக்கூடாதென்று வளைவு கூடின பட்டைகளைப் போட்டு இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறார். கூடவே 215/75 ஆர் 15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 மாட்டியிருக்கிறார்.

“அதான் உசரம் ஏத்தியாச்சே, அப்புறம் எப்படிங்ணா உரசும்?” என்று கேட்டார் இளைஞர்.

“உசரம் மேலதான தம்பி எடம் குடுக்கும்? ஒடிக்கறப்ப டயரு மேலயா போகுது, உள்ளார வருது பாரு” என்றார் பட்டறை மேஸ்திரி.

எனக்குப் புல்லரித்துப் போனது. விஷயம் முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது! கணக்குப் போட்டுப் பாருங்கள். புது டயரின் விட்டம் 30 மில்லிமீட்டர் கூடுதல்; அதில் மேல்பக்கம் வருவது பாதி, 15 மட்டுமே. இரண்டு அங்குல ஏற்றம் அதை எளிதாக விழுங்கிவிடும். ஆனால் அகலம் 20 மில்லிமீட்டர் கூடியிருக்கிறதே, அதில் 10 உள்பக்கம் நுழைந்துவிட்டது. எவ்வளவு தூக்கினாலும் இந்தப் பத்து குறையாது.

அடுத்து வந்தது நான் மிகவும் ரசித்த கட்டம். பையன் ஒருவன் சாக்பீஸை எடுத்துப் பட்டையின் ஓரத்திலும் மட்கார்டின் உள்விளிம்பிலும் தாராளமாகத் தீட்டினான். ஒரு பக்க முன்சக்கரத்தை ஒட்டி ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து ஏற்றினார்கள்; வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது பட்டை அமுங்குவதற்கு இது ஒத்திகை. ஸ்டியரிங்கை இடது கடைசி வரை ஒடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றினார்கள். பிறகு வலது. சாக்பீஸ் அழிந்த இடங்களில் குற்றவாளி பளிச்சென்று தெரிந்தான். இல்லை, இரண்டு பேர்!

முதல் ஆள் பட்டை. முழுதாக ஒடித்தால் டயரின் உள்தோள் அதில் போய் இழைகிறது. இரண்டாவது ஆள் மட்கார்டின் பின்விளிம்பு. இதற்கான காரணம் அழகானது. பட்டையின் ஒரு முனையை ஆடவிடும் இணைப்பான சாக்கிள் முன்னால் இருக்கும் இந்த ஜீப்பில் பட்டையின் பின்காது நகராது. பட்டைக்கு வளைவைக் கூட்டினால் இரண்டு காதுக்கும் இடையிலுள்ள தூரம் குறுகும். அந்தக் குறுகல் ஆக்ஸிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடும். தூக்கிய வண்டியின் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காமல் பின்னால் ஒதுங்கித் தெரிவது இதனால்தான். பார்த்ததும் சிலர் வெட்டு மிஷினைக் கையில் எடுத்துவிடுவார்கள். நான் பார்த்த மேஸ்திரி அதைத் தொடவே இல்லை. தகரத்தை வெட்டினால் பட்டையில் உரசுவது நிற்குமா?

பட்டை உரசலுக்கு மலிவான வைத்தியம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இருக்கும் ஸ்டாப் போல்ட். அதைக் கொஞ்சம் வெளியே திருகினால் சக்கரம் அந்த அளவுக்கு மேல் ஒடியாது, உரசாது. சமவெளியில் ஓடும் வண்டிக்கு இதோடு வேலை முடிந்தது. காரவள்ளியில் முடியாது! ஒடிப்பு குறைந்தால் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். மேலிருந்து பஸ் இறங்குகிற நேரத்தில் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப வேண்டி வரும். அதனால் போல்ட்டை மிகச் சிறிய அளவே நகர்த்தினார்கள்.

ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாமே என்றார் இளைஞர். தள்ளலாம், பட்டை தப்பும். ஆனால் வெளியே போன சக்கரம் திரும்பும்போது இன்னும் பெரிய வட்டம் போட்டு மட்கார்டில் மோதும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

அப்போதுதான் மேஸ்திரி மூலையிலிருந்து ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தார். 6.00-16. இந்த ஜீப்பின் மூதாதையான வில்லிஸ், இரண்டாம் உலகப் போரில் ஓடியது இந்த அளவு டயரில்தான். அகலம் சுமார் ஆறு அங்குலம், ஏறக்குறைய 152 மில்லிமீட்டர். உயரத்தில் அந்தப் பெரிய 235-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! கல்லைத் தாண்டும் உயரமும் உண்டு, பட்டையைத் தொடாத ஒல்லியும் உண்டு. அகலமான டயர் பார்க்க மிடுக்குதான், மறுக்கவில்லை. இந்த மலைக்கு என் ஓட்டு ஒல்லி டயருக்கே. இளைஞரும் 16 அங்குல ரிம்முக்குச் சம்மதித்தார்.

மீதி வேலை மளமளவென்று நடந்தது. பட்டை முழுக்க அமுங்கும் முன் ஆக்ஸிலைத் தடுக்க உயரமான ரப்பர் ஸ்டாப். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சாய்வான ஆப்பு. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஓஸ் இழுபடுகிறதா என்று ஒரு பார்வை. தயவுசெய்து இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளரின் மூல அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தூக்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதுதான் முறை.

பின்னால் மூட்டைகளை ஏற்றி, சாக்பீஸைப் புதிதாகத் தீட்டி, மலை ஏறினோம். பாரம் இல்லாமல் சோதித்தால் பட்டை அமுங்காது, உரசலும் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டியபடியே போனேன். இன்ஜின் முனகியது, டயர் வாயே திறக்கவில்லை! சோளக்காட்டில் இறங்கிக் குனிந்து பார்த்தோம். தீட்டிய வெள்ளை அப்படியே இருந்தது. இளைஞர் கைதட்டினார், நானும்தான்.

மேஸ்திரி மட்டும் ஸ்பேனரோடு அடியில் போய்விட்டார். புதுப் பட்டை ஓட ஓடப் படிந்து உட்காரும், அதை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட் தளரும். “பாரம் ஏத்தி நாலு நாள் ஓட்டிட்டு வா தம்பி, மறுபடி முறுக்கித் தர்றேன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது.