பதினைந்து நாள் மௌனம்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து சிப்காட்டுக்குள் திரும்பினால், காலை ஒன்பது மணிக்கே கம்பெனி கேட்டுகளின் முன்னால் குட்டியானைகள் வரிசை கட்டி நிற்கும். திருமுடிவாக்கம், அம்பத்தூர் பக்கத்துப் பிரஸ் ஷாப், லேத் பட்டறைகளிலிருந்து வந்த வண்டிகள். பிளாஸ்டிக் பின்களில் பிராக்கெட்டும் புஷ்ஷும். டிரைவர் இன்வாய்ஸையும் டெலிவரி சலானையும் ஜன்னலுக்குள் நீட்டுவார். செக்யூரிட்டி தேதி எழுதி சீல் குத்துவார். எண்ணிக்கையும் தரமும் சோதனைக்கு உட்பட்டவை என்று சீலிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

சீல் விழுந்ததும் கம்பெனி அந்தச் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா? பட்டறைக்காரரைக் கேட்டால், “அதான் வாங்கி வச்சிட்டாங்களே சார்” என்பார். பர்ச்சேஸ் ஆளைக் கேட்டால், “ஜி.ஆர்.என். போட்டாத்தான்” என்பார்; சரக்கு வரவுக்குக் கம்பெனி போடும் ரசீது அது. இரண்டுமே பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் பட்டறைக்காரரின் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வாங்குவது வேறு, ஏற்பது வேறு. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டதாலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது என்று யாரும் பத்திரிகை அடிப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஒருவர் வைத்த முனைவுக்கு (ஆஃபருக்கு) மற்றவர் தன் இசைவைத் தெரிவிக்க வேண்டும், அதுதான் ஏற்பு. அந்த இசைவு முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது 7ஆவது பிரிவு. நீங்கள் 30 நாளில் பணம் என்று கொட்டேஷன் கொடுத்து, அவர்கள் 90 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) அனுப்பினால், அது ஏற்பு ஆகாது. அவர்கள் வைக்கும் புது முனைவு. பந்து இப்போது உங்கள் பக்கம்.

பேசாமல் இருந்தால்? மௌனம் சம்மதம் என்கிற நம் ஊர் வழக்கு ஒப்பந்தச் சட்டத்தில் செல்லாது. 1862இல் இங்கிலாந்தில் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர், தன் சகோதரர் மகனின் குதிரைக்கு விலை சொல்லி, பதில் வராவிட்டால் குதிரை தனக்கே என்று எழுதினார். பதில் வரவில்லை. வழக்கு வந்தபோது, அடுத்தவர் வாயைத் திறக்காததை வைத்து ஒப்பந்தம் உண்டாக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, ‘மூன்று நாளில் பதில் இல்லையென்றால் பி.ஓ.வை ஏற்றதாகக் கருதப்படும்’ என்ற வரி மட்டுமே உங்களைக் கட்டிப்போடாது. கட்டிப்போடுவது உங்கள் குட்டியானை. 8ஆவது பிரிவின்படி, சொன்ன நிபந்தனையைச் செய்து காட்டினாலே ஏற்பு. அந்த பி.ஓ. எண்ணைப் போட்டு முதல் லோடை அனுப்பிய அன்றைக்கு, பின்பக்கத்துப் பொடி எழுத்து அத்தனைக்கும் தலையாட்டியதாகிவிடும். ஒப்பாத வரி இருந்தால் லோடு கிளம்பும் முன்பே மெயிலில் சொல்லிவிட வேண்டும்.

சரக்கு உள்ளே போன பிறகு ஆட்டம் தலைகீழ். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பரிசோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தருகிறது. ஆனால் நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே பொருள். பிராக்கெட்டை லைனில் ஏற்றி வெல்டு அடித்துவிட்டாலும் அப்படித்தான். இங்கே மௌனம் சம்மதம்தான். ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்பதற்கு அந்தச் சட்டத்தில் கணக்கு இல்லை. அதுதான் சண்டைக்கு இடம்.

அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம். குறு, சிறு நிறுவனம் சப்ளை செய்த சரக்கைப் பற்றி, டெலிவரி நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி ஆன நாளே ஏற்பு நாள். ஜி.ஆர்.என். எப்போது போட்டார்கள் என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. போனில் திட்டியது எழுத்து ஆகாது, மெயில் ஆகும்.

மார்ச் 3 அன்று கேட் சீல் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி வரை எழுத்தில் ஒன்றும் வரவில்லை. பணத்துக்குக் கெடு எதுவும் பேசியிருக்கவில்லை என்றால் அந்த 18ஆம் தேதிக்குள் பணம் வர வேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் நீட்ட முடியாது. ஏப்ரல் 17 கடைசி. பி.ஓ.வில் 90 நாள் என்று இருந்தாலும் அதே கதிதான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. விகிதம் 6 சதவீதம் என்றால் வட்டி 18 சதவீதம்; நாலு லட்ச ரூபாய் பில் ஒரு வருடம் இழுத்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 78,000.

இதற்காக, மூன்றாம் மாதம் ‘லைன் ரிஜெக்‌ஷன்’ என்று வரும் டெபிட் நோட்டை அலட்சியமாகக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. சரக்கில் உண்மையிலேயே குறை இருந்தால், ஏற்ற பிறகும் வாங்குபவர் நஷ்டஈடு கேட்கலாம். சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் எதிர்க்கோரிக்கைக்கு இடம் உண்டு என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: சப்ளை முடித்துவிட்டுப் பிறகு எம்.எஸ்.எம்.இ. பதிவு வாங்கியவர், பழைய சப்ளைக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது. உத்யம் என்ற அந்தப் பதிவை இன்றைக்கே முடியுங்கள், அதன் எண்ணை இன்வாய்ஸில் அச்சிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் 25 கோடி வரை முதலீடும் 100 கோடி வரை விற்றுமுதலும் உள்ளவர் ‘சிறு’ நிறுவனம்தான். நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பணம் வராவிட்டால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அது குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதி மன்றத்துக்குப் போகும். ஒரகடம், திருமுடிவாக்கம் பக்கத்தவர்களுக்குச் சென்னை மண்டல மன்றம். முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மூன்று வருடம் கடந்த பாக்கி என்றால் மத்தியஸ்தக் கட்டத்தில் காலக்கெடு குறுக்கே வரும்.

“புகார் கொடுத்தா வெண்டார் கோடை பிளாக் பண்ணிடுவாங்க சார்.” இந்தப் பயத்துக்கு எந்தப் பிரிவிலும் மருந்து இல்லை. புகார் கொடுக்காமலே கேட்க ஒரு வழி உண்டு. கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, தரும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது; 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்த விதி இது. மார்ச் மாதத்தில் பர்ச்சேஸ் ஆளை விட்டுவிட்டு அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம், உத்யம் சான்றிதழ் நகலோடு பேசிப் பாருங்கள். குரல் மாறும்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்துவிட்டால், குறையை நீக்கிக் கொடுத்த நாள்தான் ஏற்பு நாள். மாற்றுச் சரக்கைப் பட்டறைக்காரர்கள் பழைய பழக்கத்தில் சும்மா இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? பழைய இன்வாய்ஸ் எண்ணைக் குறித்துத் தனியாக ஒரு சலான் போட்டு, அதிலும் தேதியோடு சீல் வாங்கிவரச் சொல்லி டிரைவரை அனுப்புங்கள்.