ப்ளஸ் டூ மேல ப்ளஸ் டூ போடலாமா?

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு சின்னப் பையனோட கோபம்.

போன ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் ஊனோ ஆடிட்டிருந்தோம். நான் ஒரு ப்ளஸ் டூ போட்டேன். அக்கா அது மேல இன்னொரு ப்ளஸ் டூ. மாமா பங்குக்கு அவரும் ஒண்ணு. கடைசியில மாட்டினது சித்தி பையன், ஒன்பது வயசு. கையில ரெண்டே கார்டுதான் வச்சிருந்தான், ஜெயிக்கிற நேரம். "ஆறு எடுடா"ன்னதும் கார்டை வீசிட்டு எழுந்து போயிட்டான். அப்புறம்தான் டப்பாவுல இருந்த விதித்தாளை முழுசா படிச்சேன். தப்பு எங்க மேல.

ஊனோவை 1971ல அமெரிக்காவோட ஒஹாயோ மாநிலத்துல மெர்ல் ராபின்ஸ்னு ஒரு சலூன்காரர் உருவாக்கினார். வழக்கமான கட்டுல 108 கார்டு. அதுல 76 வெறும் நம்பர். மீதி 32தான் வம்பு பண்ற கார்டுகள்.

ஸ்கிப், ரிவர்ஸ் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு விஷயம்: ரெண்டு பேர் மட்டும் ஆடும்போது ரிவர்ஸும் ஸ்கிப் மாதிரிதான், திரும்பவும் உங்க டர்ன்.

ப்ளஸ் டூ வந்தா அடுத்தவர் ரெண்டு கார்டு எடுக்கணும், அவரோட டர்னும் போச்சு. அது மேல இன்னொண்ணு போட்டு அடுத்த ஆள் தலையில கட்ட முடியாது. ப்ளஸ் ஃபோருக்கும் இதேதான். 2019ல ஊனோவோட அதிகாரப்பூர்வ ட்விட்டர் பக்கத்துலயே இதைச் சொன்னாங்க. யாரும் நம்பல, அது வேற கதை! வீட்டு ரூல்னு வச்சுக்கிட்டா தப்பில்ல, ஆனா கார்டு பிரிக்கிறதுக்கு முன்னாடியே பேசிக்கணும்.

எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருந்தது ப்ளஸ் ஃபோர்தான். நாம அதை எப்ப வேணும்னாலும் போடுறோம் இல்லையா? விதிப்படி, மேல கிடக்கிற கலர்ல ஒரு கார்டுகூட உங்க கையில இருக்கக் கூடாது. அதே நம்பர் வேற கலர்ல இருந்தா பரவாயில்ல. கலர்தான் கணக்கு.

"கையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"னு கேப்பீங்க. அதான் விஷயமே. நீங்க பொய்யா போடலாம், மாட்டாத வரைக்கும். நாலு கார்டு எடுக்க வேண்டியவர் சந்தேகப்பட்டா சேலஞ்ச் பண்ணலாம். அவருக்கு மட்டும் உங்க கையைக் காட்டணும். பொய்னா, அந்த நாலையும் நீங்களே எடுக்கணும். உண்மைன்னா, சேலஞ்ச் பண்ணவருக்கு ஆறு. இந்த ஒரு விதியை விட்டுட்டு ஆடினா ப்ளஸ் ஃபோர் வெறும் அதிர்ஷ்டம். சேர்த்துக்கிட்டா, எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் படிக்கிற ஆட்டம் ஆயிடுது.

சரி, கடைசிக்குன்னு ப்ளஸ் ஃபோரைப் பதுக்கி வைக்கலாமா? பாயின்ட் எழுதி ஆடுறவங்க யோசிக்கணும். வேற யாராவது முடிச்சிட்டா உங்க கையில மிஞ்சுற ஒவ்வொரு வைல்டுக்கும், ப்ளஸ் ஃபோருக்கும் அவருக்கு 50 பாயின்ட். ஸ்கிப், ரிவர்ஸ், ப்ளஸ் டூன்னா 20. முதல்ல 500 தொடுறவர்தான் ஜெயிப்பார்.

இதையெல்லாம் பையன்கிட்ட சொல்லி, சமாதானப்படுத்தி, சாயங்காலம் மறுபடி உக்கார வச்சோம். பச்சை ஓடிட்டிருக்கு. மாமா அவன் மேல ப்ளஸ் ஃபோர் போட்டு, "எடுடா நாலு"ன்னார்.

"கையைக் காட்டுங்க மாமா"ன்னான்.

ரெண்டு பச்சை இருந்தது.