மூங்கிலுக்குள் ஒரு காவலன்

பனச்சமூட்டுக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் மலைகள் அகத்தியமலைத் தொடரைச் சேர்ந்தவை. கேரளமும் தமிழகமும் பங்கிட்டுக்கொண்டுள்ள இத்தொடரின் மேற்கு அடிவாரச் சதுப்புக் காடுகளிலிருந்து 2013ஆம் ஆண்டில் ஒரு புதிய மரத்தவளை அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. பாடகர் ஃபிரெடி மெர்குரியின் நினைவாக அதன் பேரினத்திற்கு 'மெர்குரானா' என்று பெயரிட்டனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு தவளை, தொடரின் மறுபுறத்தில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் வாழ்கிறது. நாம் இங்குச் சொல்லவிருப்பது அதன் கதையை.

ராவோர்செஸ்டிஸ் சலசோடிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். ('ராவ்' என்பது இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடியான சி. ஆர். நாராயண ராவைக் குறிக்கும்.) ஏறத்தாழ ஓர் அங்குல நீளம், பளிச்சிடும் பச்சை உடல், சாம்பல் நீலத் தொடைகள். 1870களில் பதிவாகிப் பின்னர் 136 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்த இவ்வினம் மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011இல் வெளியாயிற்று. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். டி. பிஜுவின் தலைமையில் நிகழ்ந்த தேடலின் பயன் அது.

அத்தனை காலம் அது மறைந்திருந்ததில் வியப்பில்லை. ஈற்றை எனப்படும் மூங்கிலின் கணுவிடையே அதன் இல்லம். மூங்கிலைத் துளைக்கும் ஆற்றல் தவளைக்குக் கிடையாது. பிற உயிர்கள் முன்பே இட்ட சிறு துளை வழியே ஆண் தவளை உடலை ஒடுக்கி உள்ளே நுழைகிறது. அங்கிருந்தே துணையை அழைக்கிறது. பெண் தவளை முட்டையிட்டுச் சென்றபின் காவல் முழுதும் தந்தையின் பொறுப்பு. தலைப்பிரட்டைப் பருவமே இன்றி, முட்டையிலிருந்து நேரடியாகத் தவளைக் குஞ்சுகள் வெளிவருகின்றன.

நான்கு புறமும் சுவர் கொண்ட அறைக்குக் காவலாள் எதற்கு? கே. எஸ். சேஷாத்ரியும் டேவிட் பிக்ஃபோர்டும் தந்தைத் தவளைகளை அகற்றிச் சோதித்தனர். காவலற்ற முட்டைகள் பெரிதும் அழிந்தன. அவற்றைத் தின்றவற்றுள் முதன்மையானவை பாம்போ பறவையோ அல்ல. அதே இனத்தின் பிற ஆண் தவளைகள்! 2018இல் வெளியான இம்முடிவு நமக்குச் சற்றுத் திகைப்பூட்டுகிறது. சொந்த இனத்தானுக்கு அத்துளையின் அளவு பொருந்தும் என்பதை எண்ணினால் திகைப்பு குறையும்.

தந்தையால் தடுக்க இயலாத இடர் ஒன்றுண்டு. கூடை முடையவும் காகிதக் கூழுக்காகவும் ஈற்றை வெட்டப்படுகிறது. அரிவாளுடன் நிற்பவருக்கு, துளையுள்ள தண்டும் துளையற்ற தண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.