பங்கு வாங்கிய உழவரே, கணக்கு கேளுங்கள்

ராமநாதபுரத்தில் மிளகாய், ஈரோட்டில் மஞ்சள், தருமபுரியில் சிறுதானியம் என்று அந்தந்த மண்ணின் விளைச்சலை ஒன்றுசேர்த்து விற்பதற்காக உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துபவை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். தனி ஆளாக நாலு மூட்டையைக் கொண்டுபோனால் வியாபாரி சொல்வதுதான் விலை. முன்னூறு பேர் சேர்ந்து லாரி லோடாகக் கொண்டுபோனால் பேரம் பேசலாம்; விதையையும் உரத்தையும் மொத்த விலைக்கு வாங்கலாம். இவ்வளவு நல்ல ஏற்பாடு சில ஊர்களில் பெயர்ப் பலகையோடு நின்றுவிடுகிறது. பங்கு வாங்கியவர்கள் அதைத் தங்கள் நிறுவனமாக நினைக்காமல், மானியம் வாங்கித் தரும் இடமாக நினைப்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் உறுப்பினர் உரிமையும், கம்பெனிக்கு உள்ள செயல் சுதந்திரமும் சேர்ந்த ஓர் அமைப்பு வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அதையொட்டி 2002-ல் கம்பெனிகள் சட்டம் திருத்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் 10,000 புதிய உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதன்படி சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். மலைப்பகுதியில் 100 பேர் போதும். முதன்மைச் செயல் அலுவலர், கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை போன்ற செலவுகளுக்கு 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர்கள் போட்ட பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் பங்கு மானியமும் உண்டு.

மூன்றாண்டு முடிந்ததும் சம்பளத்துக்கும் வாடகைக்கும் நிறுவனம் சொந்தக் காலில் நின்றாக வேண்டும். அதற்குள் உறுப்பினர்கள் கணக்குக் கேட்டுப் பழகாவிட்டால், பிறகு கேட்பதற்குக் கணக்கே இருக்காது.

உங்களுக்கு என்ன உரிமை?

பத்துப் பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டுதான். காசுள்ளவர் கூடுதல் பங்கு வாங்கி நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் பங்கு வாங்கிவிட்டு விளைச்சலை எப்போதும் வெளியிலேயே விற்பவரின் ஓட்டுரிமையைக் கட்டுப்படுத்த நிறுவன விதிகளில் இடம் வைக்கலாம்.

லாபத்தில் பங்குத்தொகைக்கு உரிய வருமானம் ஓர் அளவுக்குள்தான். அதற்கு மேல் பிரிக்கும் ஊக்கத்தொகை, நிறுவனத்தோடு நீங்கள் எவ்வளவு வியாபாரம் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் 20 குவிண்டாலும் பக்கத்துத் தோட்டக்காரர் 5 குவிண்டாலும் போட்டிருந்தால், உங்களுக்கு அவரைப்போல் நான்கு மடங்கு வர வேண்டும். எடைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊக்கத்தொகைக்கு அதுதான் ஆதாரம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அழைப்பு வர வேண்டும். அதோடு கூட்டப் பொருள், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த வரவு செலவு எல்லாம் இணைத்திருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் கால்வாசிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 300 பேர் உள்ள நிறுவனத்தில் 75 பேர். வீட்டுக்கு நோட்டு வந்து கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிறார்கள் என்றால், உங்கள் ஊரில் கூட்டம் காகிதத்தில்தான் நடக்கிறது.

எங்கே ஆபத்து?

நிறுவனம் பதிவாகும் நேரத்தில், குறைந்தது ஐந்து இயக்குநர் வேண்டும் என்பதற்காக மகளிர் குழுத் தலைவியையோ முன்னோடி விவசாயியையோ தேடி வருவார்கள். ஆதார் நகல், பான் கார்டு நகல், இரண்டு போட்டோ, சில கையெழுத்து. அதோடு முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளில் நிதிநிலை அறிக்கையையும், 60 நாளில் ஆண்டறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டுச் சேர்த்த 3 லட்சத்தில் கிட்டத்தட்ட கால்வாசி அதற்கே போய்விடும். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். நிறுவனம் செயல்படவில்லை என்று பதிவாளர் பெயரை நீக்கவும் கூடும்.

இந்தப் படிவங்களைத் தாக்கல் செய்ய இயக்குநருக்குத் தேவைப்படும் டிஜிட்டல் கையொப்பம் என்பது பென்டிரைவ் போன்ற ஒரு சின்னக் கருவி. சில இடங்களில் அது இயக்குநரின் கையில் இருப்பதே இல்லை. ஆடிட்டர் மேஜையிலோ செயல் அலுவலரின் பையிலோ கிடக்கும். அதை வைத்திருப்பவர் உங்கள் பெயரில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடலாம். கருவியும் அதன் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும்.

கடன் விஷயத்திலும் கவனம் தேவை. உறுப்பினரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவோடு முடிந்துவிடும். நிறுவனம் நொடித்தாலும் உங்கள் வீடும் நிலமும் போகாது. ஆனால் வங்கியில் தனிப்பட்ட ஜாமீன் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜாமீன் கேட்டால், 2 கோடி ரூபாய் வரையிலான திட்டக் கடனுக்கு உள்ள கடன் உத்தரவாத வசதியில் விண்ணப்பித்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

பணம் கட்டிய ரசீதோடு நின்றுவிடாமல் பங்குச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், உறுப்பினர் எண், பங்குகளின் எண்ணிக்கை, இயக்குநர்களின் கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். பங்கு மானியம் வந்தால் அது உறுப்பினர்கள் பெயரில் கூடுதல் பங்காக மாற வேண்டும். மாறியதா என்று பாருங்கள். பங்குத்தொகைக்கு மாதாமாதம் வட்டி தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பங்கு வேறு, வைப்புத்தொகை வேறு.

தவறு நடந்தால் என்ன செய்யலாம்?

மத்திய கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், இயக்குநர்கள் யார், கடைசிப் பொதுக்கூட்டம் என்று நடந்தது, எந்த ஆண்டு வரை கணக்குத் தாக்கலாகியிருக்கிறது என்பதை இலவசமாகப் பார்க்கலாம். தாக்கலான ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்டணம். பிள்ளைகளின் செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

பொதுக்கூட்டம் கூட்டாமல் இழுத்தடித்தால், ஓட்டுரிமை உள்ள உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, காரணத்தைக் குறிப்பிட்டுச் சிறப்புக் கூட்டம் கோரலாம். உறுப்பினருக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள தகராறைச் சமரசம் அல்லது நடுவர் தீர்ப்பு வழியாகத் தீர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. விதிமீறல் என்றால் சென்னை அல்லது கோவையில் உள்ள கம்பெனிப் பதிவாளரிடம் புகார் தரலாம்.

மானியம் எவ்வளவு வந்தது என்று நிறுவனம் சொல்ல மறுத்தால், பணம் கொடுத்த நபார்டு போன்ற அமைப்பிடமோ வேளாண் துறையிடமோ 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்துக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் கலெக்டர். ஆகவே மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

உங்களுக்குத் தெரியாமல் இயக்குநராக்கியிருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். விலக நினைத்தால் ராஜினாமாக் கடிதத்தை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிவாளருக்கும் நீங்களே நேரடியாகத் தெரிவிக்கலாம். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு விலகிய பிறகும் தொடரும். அதனால் தாமதிக்காதீர்கள்.

கணக்குக் கேட்பதை யாரும் சண்டையாக நினைக்க வேண்டியதில்லை. நேர்மையாக நடத்தும் செயல் அலுவலருக்கும் இயக்குநருக்கும் அதுதான் பாதுகாப்பு. அடுத்த அறுவடைக்கு முன் உங்கள் நிறுவனத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? கணக்குத் தாக்கலாகிவிட்டதா? என் பங்குச் சான்றிதழ் எங்கே? தனியாகப் போகாமல் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.