விமானத்தின் விலாவில் நான்கு எழுத்து

மூன்று இயந்திரங்கள். தகரக் கொட்டகைபோல் வரிவரியாய் மடிப்பு விழுந்த உடம்பு. இரண்டாம் உலகப் போர்க் காலப் படங்களில் ஜெர்மனியின் யூங்கர்ஸ் 52 போக்குவரத்து விமானத்தைக் கண்டுபிடிக்க இது போதும். ஜெர்மானியச் சிப்பாய்கள் இதைச் செல்லமாக ‘யூ அத்தை’ என்றார்கள். ஆள், பெட்ரோல், வெடிமருந்து என எதைக் கொடுத்தாலும் சுமந்த அத்தை. ஆனால் படத்தில் நிற்பது எந்தப் படைப்பிரிவின் விமானம்?

வார இறுதியில் பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்வது என் பொழுதுபோக்கு. ஸ்டிக்கரை ஒட்டுவதற்கு முன் அதன் அர்த்தம் தெரிந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்படிப் படித்ததில்தான் இந்தக் கணக்கு பிடிபட்டது.

நம் கார் எண்பலகை மாதிரிதான். ‘ஜே’ என்று தொடங்கினால் ஜொகூர், ‘ஏ’ என்றால் பேராக் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? விமானத்தின் விலாவில் ஒரு கறுப்புச் சிலுவை இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு குறிகள், பின்னால் இரண்டு எழுத்துகள்.

‘1இசட்’, சிலுவை, ‘எஃப் என்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘1இசட்’ என்பது படைப்பிரிவு. 1943இல் ‘முதலாம் போக்குவரத்துப் படை’ என்று பெயர் மாறிய பிரிவு அது. ‘எஃப்’ அந்த விமானத்துக்கே உரிய எழுத்து. கடைசி எழுத்து அது எந்த அணியைச் சேர்ந்தது என்று சொல்லும். எச், கே, எல் என்றால் 1, 2, 3ஆம் அணிகள். எம், என், பி என்றால் 4, 5, 6. ஆர், எஸ், டி என்றால் 7, 8, 9. ஆக, நம்முடையது ஐந்தாவது அணி.

வண்ணமும் உதவும். அணிகளுக்கு வெள்ளை, சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்களைக் கொடுத்தார்கள். ஆனால் அக்காலத்துச் சில ஃபிலிம்களில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். அதனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கடைசி எழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். உடம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்தால் மத்தியதரைக் கடல் முனை, மஞ்சள் என்றால் கிழக்கு முனை.

சில படங்களில் இந்தக் கணக்குக்கு ஒத்துவராத நான்கு எழுத்துகள் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டவை. வானொலித் தொடர்பில் அழைப்புக்குறியாகவும் பயன்பட்டன. வானொலிக்காரியான எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம். படைப்பிரிவில் சேர்ந்ததும் பொதுவாக இவை மாற்றப்படும். அப்படியானால் போர்முனையில் நிற்கும் விமானத்தில் இவை ஏன் அழியாமல் இருக்கின்றன?

பல விமானங்கள் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து அவசரமாகப் பிடுங்கப்பட்டவை என்பதே காரணம். 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சுற்றிவளைக்கப்பட்டது. வான்வழியாகவே உணவும் ஆயுதமும் தருவதாக விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். தினமும் குறைந்தது 300 டன் தேவைப்பட்டது. சராசரியாகப் போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன்தான். பள்ளிகளின் விமானங்களோடு, பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களும் பனிக்குள் அனுப்பப்பட்டார்கள். யூ அத்தைகளில் மட்டும் 266 அழிந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இவற்றின் வாலில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தது. அதை மறந்துவிட்டு விமானத்தின் அழகை மட்டும் ரசிக்க முடியாது. எழுத்துகளைப் படிப்பது புகழ் பாடுவதற்கல்ல, நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்கு. அழியாமல் நின்ற அந்த நான்கு எழுத்துகள் ஓர் ஆட்சி செய்த காரியத்துக்குச் சாட்சி. இன்றைய முற்றுகைக்காக, நாளைய விமானிகளை உருவாக்க வேண்டிய ஆசிரியர்களையே அது செலவழித்துவிட்டது.